ஜிஃப்பா, கிஃப்பா: சுருக்கப்பெயர் உச்சரிப்புத் தகராறைத் தீர்க்கும் வழி

ஒரு குழுவில் பாதிப் பேர் ‘சீக்வல்’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘எஸ்-க்யூ-எல்’ என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று இறங்கினால் மதியம் முழுக்கப் போய்விடும். கடைசியில் யாரும் மாறியிருக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இப்படி இரண்டு விதமாகச் சொல்வதால் கேட்பவர் வேறு பொருளை நினைத்துக்கொள்வாரா? சீக்வல் என்றாலும் எஸ்-க்யூ-எல் என்றாலும் பழகியவர் மனத்தில் வருவது ஒரே தரவுத்தள மொழிதான். அங்கே தீர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

‘சாஸ்’ என்று ஒருவர் சொல்லும்போது கதை வேறு. இணையம் வழியே சந்தாவுக்குக் கிடைக்கும் மென்பொருள் சாஸ். வலைப்பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸை உருவாக்கித் தரும் மொழியும் சாஸ். சர்வரில் செருகும் ஒரு வகை வட்டு இணைப்பைச் சிலர் எஸ்-ஏ-எஸ் என்கிறார்கள், சிலர் சாஸ் என்கிறார்கள். பழைய புள்ளியியல் மென்பொருள் ஒன்றின் பெயரும் அதுவே. ‘சாஸ் லைசென்ஸ் முடியப்போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கூட்டத்தில் சொன்னால், இரண்டு பேர் இரண்டு வேறு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இந்த மாதிரி இடத்தில்தான் முடிவெடுக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

முதலில் எந்த வகை என்று பிரியுங்கள்

தகராறுக்கு வந்த பெயர் எந்த வகை என்று தெரிந்தாலே பாதி வாக்குவாதம் அடங்கும். எச்டிடிபி, டிஎன்எஸ் போன்றவற்றை எழுத்தெழுத்தாகச் சொல்வதைத் தவிர வழி இல்லை. மெய்யெழுத்துக்களாகவே இருப்பதால் வாயில் சொல்லாக நிற்காது. ரேம், லேன், பயாஸ் ஆகியவை சொல்லாகவே ஆகிவிட்டன. யாரும் ஆர்-ஏ-எம் என்று பிரித்துச் சொல்வதில்லை. மூன்றாவது, கலப்பு: ஜேபெக், எல்டாப், சிமாஸ். முதல் எழுத்தை எழுத்தாகவும் மிச்சத்தைச் சொல்லாகவும் சொல்வது. நான்காவது, எழுத்துக்கும் ஒலிக்கும் பெரிய தொடர்பு இல்லாமல் பழக்கத்தால் வந்த பெயர். கணினியோடு வட்டுகளை இணைக்க 1986-இல் அமெரிக்கத் தரமாக வந்த எஸ்-சி-எஸ்-ஐ-யை உலகமே ‘ஸ்கஸி’ என்கிறது. ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு தன்னை ‘ஐ டிரிபிள் ஈ’ என்று சொல்லிக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

சண்டை பெரும்பாலும் எங்கே வருகிறது? எழுத்தாகவும் சொல்லலாம், சொல்லாகவும் சொல்லலாம் என்று நடுவில் நிற்கும் பெயர்களில். எஸ்க்யூஎல், நாஸ் (வலையமைப்புச் சேமிப்பகம்), எல்இடி, யுஆர்எல் போன்றவை. அடுத்தபடியாக, சொல்லாகச் சொல்வதில் எல்லோரும் ஒத்துப்போய், ஒரு உயிரொலியிலோ மெய்யொலியிலோ பிரிகிறவை: ஜிஃப் (அசையும் படக்கோப்பு), சாட்டா (வட்டு இணைப்பு), ஜேசன் (தரவை எழுதும் ஒரு வடிவம்). இந்த இரண்டு வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். முதல் வகையில் கேட்பவர் குழம்ப வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இரண்டு வடிவங்களுக்கும் ஒலியில் ஒற்றுமையே இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் சீக்வல் என்பதை ஏதோ ஒரு கருவியின் பெயர் என்று நினைத்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டிவிடலாம். இரண்டாம் வகையில் சாட்டா, சேட்டா எதைச் சொன்னாலும் வட்டுக் கேபிள்தான் வரும்.

யாராவது அதிகாரமாகச் சொல்லியிருக்கிறார்களா

தேட வேண்டிய வரிசை இது: முதலில் அந்தத் தொழில்நுட்பத்தின் விவரக்குறிப்பு ஆவணம், அதிலும் அறிமுகப் பகுதி. அடுத்து அதிகாரபூர்வக் கையேடு, கேள்வி-பதில் பக்கம். அதற்குப் பிறகே உருவாக்கியவரின் பேச்சு. அகராதி கடைசி. அகராதி மக்கள் சொல்வதைப் பதிவு செய்யுமே தவிர, தீர்ப்புச் சொல்லாது.

இப்படித் தேடினால் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைக்கும். அமைப்புக் கோப்புகளை எழுதப் பயன்படும் யாமல் ‘கேமல்’ என்ற சொல்லோடு ஒலி இயைய வேண்டும் என்று அதன் விவரக்குறிப்பே சொல்கிறது. ஜேசன் என்பதை ஆட்பெயர் ஜேசன் போலவே சொல்ல வேண்டும் என்று எக்மா-404 தரத்தின் 2017 பதிப்பில் இருக்கிறது. ‘ஜேசான்’ என்று கடைசி அசையை அழுத்துகிறவர்களுக்கு அங்கே ஆதரவு இல்லை. ஆனால் அதை உலகுக்கு அறிமுகப்படுத்திய டக்ளஸ் கிராக்ஃபோர்டோ இந்த விஷயத்தில் தனக்குக் கவலையே இல்லை என்றவர். இணையச் சேவைகளில் அடையாளச் சீட்டாகப் பயன்படும் ஜேடபிள்யூடி-யை ‘ஜாட்’ என்று சொல்லலாம் என 2015-இல் வந்த இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 7519 பரிந்துரைக்கிறது. பிஎன்ஜி படக்கோப்பை ‘பிங்’ என்று சொல்ல வேண்டும் என்று 1997-இன் ஆர்எஃப்சி 2083 எழுதியே வைத்திருக்கிறது. கட்டற்ற மென்பொருளை உருவாக்கும் குனூ திட்டம் தன் பெயரை ஒரே அசையாக, ‘க்’-கும் ‘னூ’-வும் இடைவெளி இல்லாமல் ஒட்டும்படி சொல்லச் சொல்கிறது.

எஸ்க்யூஎல் குடும்பம் தனிக் கதை. 1974-இல் ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் வெளியிட்ட கட்டுரையில் மொழியின் பெயரே சீக்வல்தான், எழுத்திலும் அப்படியே. அந்தப் பெயர் ஹாக்கர் சிட்லி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்ததால் உயிரெழுத்துக்களை எடுத்துவிட்டு மூன்றெழுத்தாக்கினார்கள். ஆகவே சீக்வல் என்பது சோம்பேறிகள் சுருக்கிய வடிவம் என்று யாராவது சொன்னால், வரலாறு நேர் எதிர். எழுத்தெழுத்தாகச் சொல்வது பிறகு வந்தது. அதற்காக சீக்வல்காரர்கள் வென்றுவிட்டார்கள் என்றும் இல்லை. இன்றைய தரவுத்தளத் தயாரிப்புகள் ஒவ்வொன்றும் தன் வழியில் போகிறது. மைஎஸ்க்யூஎல் கையேடு எழுத்தெழுத்தாகச் சொல்வதே முறை என்கிறது, ‘மை சீக்வல்’ என்றாலும் கோபமில்லை என்று அதே வாக்கியத்தில் சேர்த்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ‘போஸ்ட்-கிரெஸ்-க்யூ-எல்’. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரைச் சுற்றி வேலை செய்கிறவர்கள் வாயில் ‘சீக்வல் சர்வர்’. எஸ்க்யூலைட்டை எழுதிய ரிச்சர்ட் ஹிப், ஒரு கனிமத்தின் பெயர் போல ‘எஸ்-க்யூ-எல்-ஐட்’ என்கிறார். எனவே எஸ்க்யூஎல்லுக்கு ஒரே விதி போட முயலாதீர்கள். பொதுவாக மொழியைச் சொல்லும்போது ஏதோ ஒன்று, தயாரிப்பைச் சொல்லும்போது அந்தத் தயாரிப்பின் வழக்கு.

அதிகாரம் கிடைத்தும் தள்ள வேண்டிய இடம்

பிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். விவரக்குறிப்பு தெளிவாகச் சொல்கிறது, தட்ட முடியாத ஆதாரம். ஆனால் வலையமைப்பு வேலையில் பிங் என்பது ஒரு கணினி உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை. அரட்டையில் ‘எனக்கு ஒரு பிங் போடு’ என்றால் செய்தி அனுப்பு என்று அர்த்தம். ‘சர்வரிலிருந்து பிங் வரவில்லை’ என்று சொன்னால் படம் வரவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆதாரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இங்கே பி-என்-ஜி என்று சொல்வதே சரியான வேலை. நடைமுறையில் பெரும்பாலானோர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஜேசனிலும் சிறிய அளவில் இதே சிக்கல்: குழுவில் ஜேசன் என்று ஒருவர் இருந்தால். ‘ஜேசனை அனுப்பிவிடு’ என்பதற்குப் பதில் ‘ஜேசன் ஃபைல்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். உச்சரிப்பை மாற்றத் தேவையில்லை.

செல்லாத வாதங்கள்

ஜிஃப் சண்டையில் அடிக்கடி வரும் வாதம்: முதல் எழுத்து ‘கிராஃபிக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, ஆகவே ‘கிஃப்ட்’டில் வரும் கி-தான் சரி. இதை ஏற்றால் ஜேபெக்கில் உள்ள பி ‘ஃபோட்டோ’விலிருந்து வந்தது, ஆகவே ‘ஜேஃபெக்’ என்று சொல்ல வேண்டும். ஸ்கூபாவில் உள்ள யு ‘அண்டர்வாட்டர்’ என்பதிலிருந்து வந்தது, ஆகவே ‘ஸ்கபா’. யாரும் அப்படிச் சொல்வதில்லை. விரிவில் எழுத்துக்கு இருந்த ஒலி, சுருக்கத்துக்கு வரும்போது கூடவே வருவதில்லை. சுருக்கம் ஒரு புதுச் சொல், அதை மக்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

எதிர்த்தரப்பு வாதமும் அவ்வளவு வலுவானதில்லை. ஆங்கிலத்தில் ஜி-க்குப் பின் ஐ வந்தால் மெல்லொலி என்பார்கள். ஜின், ஜின்ஜர் என்று உதாரணம் தருவார்கள். கிஃப்ட், கிவ், கேர்ள் மூன்றும் அந்த விதியை உடைக்கின்றன. எழுத்துக்கூட்டலிலிருந்து இதற்கு விடை வராது.

உருவாக்கியவர் சொன்னால்? ஜிஃப் வடிவத்தை 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் உருவாக்கிய ஸ்டீவ் வில்ஹைட், 2013-இல் இணையத் துறைக்கான வெபி விருது வாங்கும் மேடையில் ‘ஜிஃப்’தான் என்று திரையிலேயே போட்டுக் காட்டினார். சண்டை ஓயவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் அகராதிகள் இரண்டு ஒலியையும் தருகின்றன. உருவாக்கியவருக்கு மரியாதை உண்டு. பரவிவிட்ட சொல்லின் மேல் கட்டுப்பாடு இல்லை. இது குழுவில் பேச்சுக்கு வந்தால் இரண்டும் சரி என்று சொல்லி ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். எந்த ஒலியில் சொன்னாலும் அசையும் படக்கோப்பைத் தவிர வேறொன்றும் யார் நினைவுக்கும் வராது.

குழப்பச் சோதனை

முடிவெடுக்க வேண்டிய பெயர்களைக் கண்டுபிடிக்க, உங்கள் வேலையில் தினமும் வாயால் சொல்லும் சுருக்கப்பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி. ஒன்று, இதே ஒலியில் இன்னொரு பொருள் நம் வேலையில் இருக்கிறதா? இரண்டு, தொலைபேசியில் ஒரு எழுத்து மாறிக் கேட்டால் அது வேறொரு உண்மையான பெயராகிவிடுமா?

இரண்டாவது கேள்வியை ஏன் தனியாகக் கேட்க வேண்டும் என்றால், ஆங்கில எழுத்துப் பெயர்கள் தொலைபேசிக்கு ஏற்றபடி அமையவில்லை. பி, சி, டி, ஜி, வி எல்லாம் ஒரே ‘ஈ’ ஒலியில் முடிகின்றன. வேறுபாடு தொடக்கத்தில் சில பத்து மில்லிவிநாடிகளில் முடிந்துவிடுகிறது. எஸ்-ஸும் எஃப்-பும் ஒரே உயிரொலியில் தொடங்குகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும் சீறல் ஒலியின் பெரும்பகுதி 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, மரபான தொலைபேசி இணைப்போ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்துகிறது. எம்-மும் என்-னும் சொல்லவே வேண்டாம்.

இந்தச் சோதனையில் மாட்டுகிறவை சில. காப்புத் திட்டத்தில் ஆர்பிஓ என்பது எவ்வளவு நேரத் தரவை இழக்கலாம் என்ற வரம்பு, ஆர்டிஓ என்பது எவ்வளவு நேரத்தில் மீண்டும் இயக்க வேண்டும் என்ற வரம்பு. ‘ஆர்பிஓ 4 மணி நேரம்’ என்று சொன்னது மாறிக் கேட்டால் காப்புப் படி எடுக்கும் இடைவெளியே தப்பாகிவிடும். எஸ்எஃப்டிபி, எஃப்டிபிஎஸ் இரண்டும் கோப்பு அனுப்பும் வேறு வேறு நெறிமுறைகள்: முதலாவது எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பின் மேல் 22-ஆம் போர்ட்டில் ஓடுவது, இரண்டாவது பழைய எஃப்டிபிக்கு டிஎல்எஸ் என்ற குறியாக்கப் பூட்டு மாட்டியது, 21 அல்லது 990-ஆம் போர்ட். வேகமாகச் சொன்னால் எஸ் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று காதில் நிற்காது. ஃபயர்வாலில் தப்பான போர்ட்டைத் திறந்துவிட்டு இணைப்பு வரவில்லை என்று அலைவது இதனால்தான். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இடையில் கடைசி எஸ்-ஸை விழுங்குவதும் இதே வகை. 80, 443 என்று போர்ட் எண்ணையும் சேர்த்துச் சொல்வது பாதுகாப்பு.

தமிழ் பேசுகிறவர்களுக்கு மட்டும் உரிய இரண்டு பொறிகள் உண்டு. விலேன், டபிள்யூலேன்: ஒன்று ஒரே கம்பி வலையைத் தனித்தனிப் பகுதியாகப் பிரிப்பது, மற்றது கம்பியில்லா வலை. டபிள்யூலேனைச் சிலர் ‘வ்லேன்’ என்று சுருக்குகிறார்கள். ஆங்கிலத்தின் வி, டபிள்யூ வேறுபாட்டை நம் வாய் காட்டாது, காது பிடிக்காது. ஆகவே டபிள்யூ என்பதை முழுதாகச் சொல்லியே தீர வேண்டும். அடுத்தது ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்து. அமெரிக்க வழக்கில் ‘ஸீ’. நம் காதுக்கு சி-யும் ஸீ-யும் ஒன்று. ‘ஸெட்’ என்றே சொல்லுங்கள்.

மாட்டியவற்றுக்கு மூன்று தீர்வு உண்டு. எளியது, ஒரு பொதுச்சொல்லை ஒட்டுவது: ஜேசன் ஃபைல், சாஸ் சந்தா, எஸ்-ஏ-எஸ் வட்டு. அது போதாதென்றால் விரித்துச் சொல்வது. தரவு இழப்பு வரம்பு, மீட்பு நேர வரம்பு என்று சொன்னால் ஆர்பிஓ தகராறே இல்லை. வேர்ல்ட் வைட் வெப் மூன்று அசை, மூன்று டபிள்யூ ஒன்பது அசை. சுருக்கம் எப்போதும் சுருக்கமாக இருப்பதில்லை. அவசர நேரத்திலும், கடவுச்சொல், வரிசை எண் சொல்லும்போதும் விமானத்துறையின் எழுத்துப் பெயர்களைப் பயன்படுத்துங்கள். 1956 முதல் உலகம் முழுக்க நடைமுறையில் இருப்பவை: பிராவோ, டெல்ட்டா, பாப்பா, டாங்கோ, விக்டர், மைக், நவம்பர், சியரா, ஃபாக்ஸ்ட்ராட். ‘ஆர்-பாப்பா-ஓ’ என்று சொன்னால் யாரும் தப்பாகக் கேட்க முடியாது.

தமிழில் எழுதும்போது

பேச்சில் தப்பித்துக்கொள்ளலாம், எழுத்தில் முடியாது. ஆங்கிலத்தில் எழுதுகிறவரைக் காட்டிக்கொடுப்பது முன்னால் வரும் ஏ, ஆன். சீக்வல் என்று படிப்பவர் ‘ஏ’ போடுவார், எழுத்தெழுத்தாகப் படிப்பவர் ‘ஆன்’ போடுவார். ஆரக்கிள் ஆவணங்களில் முதலாவதும், எஸ்க்யூஎல் தரத்திலேயே இரண்டாவதும் வருகின்றன. தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபு செய்கிறது. எஸ்க்யூஎல்லில், சீக்வலில். யுஆர்எல்லை என்று ல் இரட்டிக்கிறது, ஏபிஐயை என்று யகரம் நடுவில் வருகிறது, ரேமில் என்பதில் எதுவும் இரட்டிப்பதில்லை. உருபு ஒட்டியதுமே எழுதுகிறவர் மனத்தில் என்ன ஒலி ஓடியது என்று வெளிப்பட்டுவிடும். ஒரே ஆவணத்தில் நான்கு பேர் எழுதினால் நான்கு விதம் வரும். முதல் பக்கம் எழுதும் முன்பே வடிவத்தை முடிவு செய்துவிடுவது நல்லது.

இதைவிடப் பெரிய ஆபத்து, தமிழ் எழுத்தில் சில சுருக்கங்கள் ஒன்றாகிவிடுவது. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் நமக்கு ‘பி’. நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ‘டி’. ‘டிபி நிரம்பிவிட்டது’ என்றால் டேட்டாபேஸா, ஒரு டெராபைட் வட்டா? ‘டிடிஎல்லை மாற்று’ என்றால் அட்டவணையை உருவாக்கும் கட்டளைகளை மாற்றுவதா, டிஎன்எஸ் பதிவின் ஆயுள் நேரத்தை மாற்றுவதா? ‘ராம்’ என்று எழுதினால் சிலருக்கு அது தற்காலிக நினைவகம், சிலருக்குப் படிக்க மட்டுமான நினைவகம். ரேம், ரோம் என்று எழுதினால் தீர்ந்தது. இணையவழித் தொலைபேசியைச் சொல்லும் ‘வாய்ப்’ இரண்டாம் வேற்றுமையில் ‘வாய்ப்பை’ ஆகிவிடும். ‘வாய்ப்பை இன்றே துண்டித்துவிடலாம்’ என்ற வரியைப் பார்த்து யாருக்கோ வேலை போகிறது என்று நினைப்பார்கள். இப்படிப்பட்டவற்றை முதல் முறை விரித்து எழுதுங்கள், உருபை நேராக ஒட்டாமல் ஒரு பொதுச்சொல்லின் மேல் ஏற்றுங்கள்: வாய்ப் இணைப்பை, டிபி சர்வரில்.

ஜிஃப் விஷயத்தில் எழுத்தே ஒரு பக்கம் சாய்கிறது. ‘கிஃப்’ என்று எழுதினால் சொல்லின் முதலில் வரும் க-வை நாம் கிளி என்பதில் வருவது போலத்தான் படிப்போம். ஆங்கிலத்தில் சண்டைக்கு நிற்கும் ஒலி அதுவல்ல, ஆங்கில ‘கிஃப்ட்’டில் வரும் அதிரும் ஒலி. தமிழ் ஆவணத்தில் ஜிஃப் என்று எழுதிவிட்டு, வாயால் எப்படிச் சொல்வது என்பதை அவரவரிடம் விட்டுவிடலாம்.

முடிவை எழுதி வைப்பது

கூட்டத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும், சோதனையில் மாட்டிய பெயர்களை மட்டும் கொண்டுவாருங்கள். ஜிஃப்பைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். சேர்த்தால் இருபது நிமிடமும் அதற்கே போகும். ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரம் இருந்தால் ஒருவர் ஒரு வரியில் சொல்லட்டும். குழப்பம் வருமா என்று பாருங்கள். குழப்பம் வரும் என்றால் ஆதாரத்தைவிட அதற்கே எடை. கை தூக்கி முடிவெடுத்து அடுத்ததற்குப் போங்கள்.

பதிவு இப்படி இருந்தால் புதியவருக்கும் உதவும்:

சொல்: பிஎன்ஜி. சொல்லும் விதம்: எழுத்தெழுத்தாக. எழுதும் விதம்: பிஎன்ஜி, பிஎன்ஜியை. கவனம்: விவரக்குறிப்பில் ‘பிங்’ என்று உண்டு; இங்கே பிங் என்றால் வலையமைப்புச் சோதனை மட்டும்.

சொல்: எஸ்க்யூஎல். சொல்லும் விதம்: எழுத்தெழுத்தாக, அல்லது சீக்வல், இரண்டும் ஒன்றே. எழுதும் விதம்: எஸ்க்யூஎல், எஸ்க்யூஎல்லில். கவனம்: தயாரிப்புப் பெயர்களை அந்தந்தத் தயாரிப்பின் வழக்கில் சொல்லவும்.

‘இரண்டும் ஒன்றே’ என்ற குறிப்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். புதியவர் இரண்டு வேறு கருவி என்று நினைப்பதைத் தடுப்பது அந்த ஒரு வரிதான். உச்சரிப்புக் குறிப்பில் பன்னாட்டு ஒலிக்குறிகளைத் திணிக்காதீர்கள், படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

குரல் மென்பொருளும் வசனவரியும்

திரைவாசிப்பான்களும் உரையைக் குரலாக்கும் மென்பொருள்களும் பெரிய எழுத்துக்களில் உள்ள பெயரைச் சொல்லாகப் படிப்பதா, பிரித்துப் படிப்பதா என்று தாங்களே ஊகிக்கின்றன. உயிரெழுத்து நடுவில் இருந்தால் சொல்லாகப் படிக்கும் போக்கு அதிகம். எச்டிஎம்எல்லில் சுருக்கங்களைக் குறிக்கும் ‘அப்ர்’ குறியீடு விரிவைத் தருமே தவிர உச்சரிப்பைத் தராது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குரல் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் எஸ்எஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியைப் பயன்படுத்துங்கள்: எழுத்தெழுத்தாகப் படிக்க ‘சே-ஆஸ்’, வேறு சொல்லை வைத்துப் படிக்க ‘சப்’, ஒலியையே குறிப்பிட ‘ஃபோனீம்’. முதல் இரண்டே பெரும்பாலும் போதும். ஃபோனீம் ஒவ்வொரு குரல் இயந்திரத்திலும் வெவ்வேறு தரத்தில் வேலை செய்யும். கேட்டுப் பார்க்காமல் வெளியிட வேண்டாம். மாற்றுத்திறனாளிகளும் வலைப்பக்கங்களைப் பயன்படுத்துவதற்கான அணுகல் விதிகளான டபிள்யூசிஏஜி-யில் சுருக்கங்களுக்கு 3.1.4, உச்சரிப்புக்கு 3.1.6 என்று தனி அளவுகோல்கள் உண்டு. இரண்டும் மிக உயர்ந்த ‘டிரிபிள் ஏ’ நிலையில் இருப்பதால் கட்டாயமாகக் கேட்கப்படுவது அரிது.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்குச் சொற்பட்டியல் தரும் வசதி இருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் குழுவில் புழங்கும் எல்லா ஒலிகளையும் கொடுங்கள், முடிவு செய்த ஒன்றை மட்டும் கொடுத்தால் பாதி தவறிவிடும். கூட்டக் குறிப்பு வந்ததும் சீக்வல், ஜேசன், பிங், சாஸ் நான்கையும் தேடிப் பாருங்கள். பிழைகள் இங்கேதான் கூடும்.

காணொளிக்குக் குரல் கொடுப்பவரிடம் வெறும் உரையைத் தராதீர்கள். ஒவ்வொரு சுருக்கப்பெயரும் முதலில் வரும் இடத்தில், சொல்லும் விதத்தைப் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். பதிவு முடிந்த பிறகு ஒரு பெயரை மட்டும் மாற்றிப் பேசி ஒட்டினால் குரலின் ஏற்ற இறக்கம் பொருந்தாது, வாக்கியத்தையே மறுபடி பதிய வேண்டியிருக்கும்.

நேரில் ஒருவர் வேறு மாதிரி சொன்னால்

பேச்சை நிறுத்தித் திருத்தாதீர்கள். உங்கள் முறை வரும்போது உங்கள் வழக்கில் சொல்லுங்கள், அவருக்குக் காது இருக்கிறது. பொருள் விளங்கவில்லை என்றால் மட்டும் ‘வட்டைச் சொல்கிறீர்களா, சந்தாவையா?’ என்று பொருளைக் கேளுங்கள், ஒலியைக் கேட்காதீர்கள். வாடிக்கையாளரிடம் பேசும்போது அவர் சொல்லும் விதத்தையே எடுத்துக்கொள்வது நல்லது. நேர்முகத் தேர்வில் உச்சரிப்பை வைத்துத் திறமையை அளப்பது மோசமான அளவுகோல்: படித்தே கற்றுக்கொண்டவர் அந்தப் பெயரை யார் வாயாலும் கேட்டிருக்க மாட்டார். ஒரு வலைச் சர்வர் மென்பொருளின் பெயரை என்ஜின்க்ஸ் என்று எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு, அதை உருவாக்கியவர்கள் ‘என்ஜின் எக்ஸ்’ என்று நினைத்தார்கள் என்பது எப்படித் தெரியும்?

புதிதாகப் பெயர் வைப்பவருக்கு

உங்கள் கருவிக்கோ வடிவத்துக்கோ சுருக்கப்பெயர் வைக்கப் போகிறீர்கள் என்றால், தகராறைத் தொடக்கத்திலேயே தவிர்க்கலாம். ஆங்கிலத்தின் ஜி, சி இரண்டையும் ஈ, ஐ, ஒய் எழுத்துகளுக்கு முன்னால் வைக்காதீர்கள். அங்கேதான் மெல்லொலியா வல்லொலியா என்ற சந்தேகம் வரும். தனி ஏ நடுவில் நின்றால் சாட்டா-சேட்டா கதை. எக்ஸ் எப்போதும் வம்பு. சொல்லாகப் படிக்க வேண்டுமென்றால் மெய்யும் உயிரும் மாறிமாறி வரட்டும், பிரித்துப் படிக்க வேண்டுமென்றால் உயிரே இல்லாமல் மூன்று எழுத்துக்குள் வையுங்கள். நடுவில் நிற்கும் பெயர்தான் தொந்தரவு.

பிறகு, முன்பின் கேட்டிராத ஐந்து பேரிடம் எழுத்தில் காட்டிச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், தனித்தனியாக. ஐந்து பேரும் ஒன்றே சொன்னால் வேலை முடிந்தது. ஒருவர் மாறினால் ரீட்மீ கோப்பின் முதல் வரியில் உச்சரிப்பை எழுதிவிடுங்கள், அறிமுகக் காணொளியின் முதல் வாக்கியத்தில் நீங்களே சொல்லிக் காட்டுங்கள். இரண்டுக்கு மேல் மாறினால் பெயரை மாற்றுங்கள். கோப்பு நீட்டிப்பாகவும் கட்டளைப் பெயராகவும் அது பரவிய பிறகு மாற்ற முடியாது.